செய்த பிழைக்கு மட்டும்

துரைசாணியின் டாலியாச் செடிகளில் ஒரு பூ மிச்சமில்லை என்ற செய்தி வந்தபோது ராகேல் ஒரு கைக்குழந்தையை மடியில் கிடத்திக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். செய்தியைக் கொண்டுவந்தவர் பங்களாச் சமையல்காரர் நீலகண்டன். மேட்டிலிருந்து ஓடி இறங்கிய மூச்சு அவருக்கு இன்னும் அடங்கவில்லை.

"எடீ ராகேலே, உன் பிள்ளைகள் கொச்சம்மைக்க தோட்டத்தை நாசமாக்கிட்டாங்க. ஒரு பூ பாக்கி இல்லா. துரை கோபத்துல துள்ளிக்கிட்டு நிக்குன்னு!"

ராகேல் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள். தூளியில் கிடந்த குழந்தைகள் கிடந்தபடியே கிடந்தன. நடக்கத் தெரிந்தவற்றில் ஒன்றையும் காணோம். பின்பக்கத்து மூங்கில் படல் சாய்ந்து கிடந்தது.

வித்துராவிலிருந்து பொன்முடிக்கு ஏறும் பாதையில் பாதி வழியில் பிரிந்து போனால் மஞ்சக்குன்று தேயிலை எஸ்டேட். விளவங்கோட்டிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்த குடும்பங்கள் அங்கே லயங்கள் என்ற வரிசை வீடுகளில் குடியிருந்தன. விடிந்ததும் பெண்கள் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போவார்கள். போகும் வழியில் பிள்ளைகளை ராகேலின் கொட்டகையில் விட்டுப் போவார்கள். ராகேலுக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது. புருஷன் சத்தியநேசன் மலைக்கு வந்த மறுவருஷமே காய்ச்சலில் போய்விட்டான். வேதப்புத்தகம் வாசிக்கத் தெரிந்த அடக்கமான பெண் என்று சொல்லித்தான் கங்காணி தாணுலிங்கம் அவளுக்கு இந்த ஆயா வேலையை வாங்கிக் கொடுத்தார். வாசிக்கத் தெரியும் என்பது உண்மை. அடக்கத்தைப் பற்றி அவர் தீர விசாரித்திருக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கங்காணியே வந்தார். அவருக்கு முன்னால் பிள்ளைகள் ஆட்டு மந்தைபோல் ஒட்டிக்கொண்டு வந்தன. எல்லோர் கழுத்திலும் வாழைநாரில் கோத்த மாலை. சிவப்பும் மஞ்சளுமாக டாலியா. கங்காணியின் கையில் கொய்யாக் கம்பு.

"நாளைக்கு ஆள்பேர் கூப்பிடுத களத்துல வச்சு எல்லாத்துக்கும் அடி. தாய்மாரு நின்னு பாக்கணும். துரைக்க உத்தரவு."

ராகேல் குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு எழுந்தாள். "அடிக்காண்டாம் அண்ணாச்சி."

"நான் என்ன செய்யட்டு? உத்தரவாக்கும்."

"துரையிட்ட போய்ச் சொல்லுங்க. பிள்ளையளை விட்டது எனக்க பிழை. நாளைக்கு அவியளே வந்து அதைச் செரியாக்குவாவ. ஆகல்லேன்னா இந்தக் கம்போட முதல்ல எனக்கிட்ட வாங்க."

"உனக்கு நாக்கு நீளம், ராகேல்."

"அடிச்சா இதுகள் என்ன படிக்கும்? அடுத்த மட்டம் ஆள் இல்லாத நேரம் பாத்துப் பறிக்கப் படிக்கும். அம்புட்டுதான்."

கங்காணி கம்பைக் கையில் உருட்டிக்கொண்டே யோசித்தார். பெண்கள் எதிரே பிள்ளைகளை அடிப்பது அவருக்கும் பிடித்த வேலை அல்ல. "ஒரு நாள் தாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளைகள் மாலையும் கழுத்துமாக நின்றன. ராகேல் அவர்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தாள்.

"யாருக்குக் கல்யாணம்?"

பதில் சொன்னவள் சரோஜம். ஆறு வயசு, முன்பல் விழுந்த வாய், எதற்கும் பின்வாங்காத கண். "எனக்கும் தங்கையனுக்கும். பூ இல்லாம கல்யாணம் உண்டுமா சித்தி?"

"பூ யாருக்குள்ளது?"

"செடியில கிடந்தது."

"செடி யாருக்குள்ளது?"

சரோஜம் மாலையை இழுத்து விட்டுக்கொண்டாள். பிறகு, "காட்டுலதான் ஆயிரம் பூ கிடக்கு. தொரசாணி அங்க போய்ப் பறிக்கட்டு" என்றாள்.

ராகேலுக்கு எரிச்சல் வந்தது. மாப்புக் கேள் என்று சொல்லி ஒரு குட்டு வைத்தால் காரியம் தீர்ந்துவிடும். மன்னிப்புக்கு மலையடிவாரத்தில் எல்லோரும் சொல்லும் சொல் அதுதான், மாப்பு. பிள்ளைகள் அதைச் சட்டென்று சொல்லும், தும்மல் மாதிரி. சொல்லி முடித்ததும் மறந்துவிடும். அவள் குட்டவில்லை.

"நீங்க ஓடி வரும்பம் தொரசாணி என்ன செய்தாவ?"

ஒன்றும் தெரியாததுபோல் பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கடைசியில் தங்கையன் சொன்னான். அவனுக்கு ஐந்து வயசு. இடது காலைச் சற்று இழுத்து நடப்பவன் ஆதலால் எல்லோரையும்விடப் பின்தங்கி ஓடியவன். திரும்பிப் பார்த்தவனும் அவன் ஒருவன்தான்.

"மண்ணுல உக்காந்துட்டாவ சித்தி. வெள்ளைத் துணியோட. ஒடிஞ்ச தண்டையெல்லாம் பெறக்கி மடியில வச்சாவ."

"அழுதாவளா?"

"மூக்கு செவந்து இருந்துது."

"எதுக்கு மக்களே தண்டைப் பெறக்கணும்? தண்டுல என்ன இருக்கு?"

தங்கையன் தன் வெறும் மடியைப் பார்த்தான். "எனக்க கோழிக்குஞ்சு செத்தப்பம் நானும் மடியில வச்சிருந்தேன்" என்றான்.

 சரோஜம் கழுத்து மாலையைக் கழற்றினாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். "திருப்பி ஒட்ட முடியாதுல்லா சித்தி?" என்று கேட்டபோது அவள் குரல் முதல்முறையாக இறங்கியிருந்தது.

"ஒட்ட முடியாது."

"அப்பம் என்ன செய்ய?"

"நீங்கதான் சொல்லணும். வாயால சொல்லுதது எளுப்பம். கையால என்ன செய்யலாம்னு யோசிங்க."

யோசனைகள் வந்தன. ஒருத்தி தன் பொம்மையைக் கொடுக்கிறேன் என்றாள். இன்னொருவன் துரைசாணிக்கு வேறு கல்யாணம் செய்து வைக்கலாம் என்றான். ஓடைக்கரையில் காசித்தும்பையும் காட்டுச் செண்பகக் கன்றும் முளைத்துக் கிடப்பதை நினைவூட்டியவள் சரோஜம்தான்.

மறுநாள் பிள்ளைகள் கன்றுகளை வேரோடு மண்ணோடு இலையில் பொதிந்து எடுத்துக்கொண்டு, தகரக் குவளைகளில் தண்ணீர் தளும்பத் தளும்ப, மேட்டில் ஏறின. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள லயத்துக் கர்ப்பிணி ஒருத்தியை உட்கார்த்திவிட்டு ராகேல் கூடப் போனாள். துரைசாணி வெளியே வந்து பார்த்தாள். இளவயசுக்காரி, மலைக்கு வந்து ஒரு மழைக்காலம்தான் ஆகியிருந்தது, தமிழ் நாலு வார்த்தை தெரியும். சரோஜம் அவள் முன்னால் போய் நின்று, "மாப்பு. செடியை ஒடிச்சதுக்கு. இன்னா, வேற செடி" என்று சொல்லி, அனுமதிக்குக் காத்திராமல் மண்ணைத் தோண்ட உட்கார்ந்துவிட்டாள். மற்றவையும் உட்கார்ந்தன. கொஞ்ச நேரத்தில் துரைசாணியும் முழங்காலிட்டு உட்கார்ந்து குழி தோண்டினாள். பிறகு நீலகண்டனைக் கூப்பிட்டுப் பிள்ளைகளுக்குப் பிஸ்கட் கொண்டுவரச் சொன்னாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிஸ்கட் தட்டோடு நீலகண்டன் வரும்போது அவருக்குப் பின்னால் நாயும் வந்தது.

கன்றுக்குட்டி உயரமுள்ள பழுப்பு நாய். துரையின் செல்லம். மழைக்கு முன்னால் ஒருநாள் அது லயத்துப் பாதையில் இறங்கி, கொட்டகைக்கு வந்துகொண்டிருந்த தங்கையனைத் துரத்தி, இடது கெண்டைக்காலைக் கவ்விச் சதையைப் பிய்த்துவிட்டது. கம்பவுண்டர் கட்டுப் போட்டார். துரை குதிரையிலிருந்து இறங்காமலே விசாரித்தார்; பையன் ஓடினானா என்று கேட்டார்; ஓடினான் என்றார்கள்; ஓடினால் நாய் கடிக்கத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டுப் போனார். நாய் அதற்குப் பிறகும் அவிழ்ந்தே திரிந்தது.

இப்போது அதைக் கண்டதும் தங்கையன் ராகேலின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.  கால்வழியே சிறுநீர் இறங்கிப் புதுமண்ணில் விழுந்தது.

"இது ஒண்ணும் செய்யாது" என்று துரைசாணி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

சரோஜம் மண்கையோடு எழுந்து நின்றாள். பங்களா முழுவதும் கேட்கும்படி கேட்டாள்: "இவனுக்கு துரை எப்பம் மாப்பு சொல்லுவாரு?"

துரைசாணிக்குப் புரியவில்லை. "என்ன, என்ன?" என்று நீலகண்டனைப் பார்த்தாள். அவர், "பிஸ்கட் நல்லாயிருக்குன்னு சொல்லுது" என்பதுபோல் எதையோ ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, "மிண்டாதே பெண்ணே" என்று பல்லைக் கடித்தார். ராகேல் சரோஜத்தின் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு இறங்கினாள்.

பாதி வழியில் சரோஜம் அவள் கையை உதறினாள். "எதுக்கு எனக்க வாயைப் பொத்துனிய?"

"அது பெரியவிய காரியம். நமக்கு வேண்டாம்."

"மாப்பு சின்னவியளுக்கு மட்டும் உள்ளதா?"

ராகேல் அவள் கையை மறுபடி பிடித்துக்கொண்டாள். "நட" என்றாள்.

அடுத்த வாரம் கொட்டகையில் ஒரு புது விளையாட்டு முளைத்தது. முதலில் ராகேல் கவனிக்கவில்லை. ஒரு பிள்ளை அழும் சத்தம் கேட்டுத் திரும்பினால் சரோஜம் ஒரு கம்பைக் கையில் வைத்துக்கொண்டு கஞ்சிப்பானைத் திண்டின்மேல் நிமிர்ந்து நின்றாள். கீழே ஒரு சிறுமி முழங்கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அவளை அடிச்சியா?"

"அடிச்சேன்."

"மாப்பு சொல்லு. எண்ணெய் எடுத்துட்டு வந்து தேச்சு விடு."

"மாட்டேன். நான் துரையாக்கும்." சரோஜம் கொஞ்சமும் தயங்கவில்லை. "துரைக்கு மாப்பு கிடையாது. இனி இவன் துரை. இவன் யாரையும் அடிக்கலாம்."

கம்பு அடுத்தவன் கைக்குப் போனது. யார் கையில் கம்பு இருக்கிறதோ அவர் யாரை வேண்டுமானாலும் அடிக்கலாம். மாப்புக் கேட்க வேண்டாம். அடிபட்டவர், "ஓடுனது எனக்க தப்பு" என்று சொல்ல வேண்டும். அதுதான் விளையாட்டு. எல்லாப் பிள்ளைகளுக்கும் அது மிகவும் பிடித்திருந்தது. தங்கையனுக்கு மட்டும் யாரும் கம்பு கொடுக்கவில்லை. அவன் மூலையில் உட்கார்ந்து, தன் முறை வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

ராகேல் கம்பைப் பிடுங்கி முறித்துப் போட்டாள். ஆனால் முறித்த கையும் ஒரு பெரியவருடையது என்பதால் பிள்ளைகளிடம் அதற்கு மதிப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பெரியவர்கள் கையிலும் கம்புதான் இருக்கிறது. தங்கையனை நாய் கடித்த அன்று கட்டுப் போட்ட காலோடு அவனை மடியில் வைத்துக்கொண்டு அவள் என்ன சொன்னாள்? "ஓடாண்டாம்னு சொன்னேன்லா மக்களே? ஓடுனதுனாலதான்." துரை சொன்னதையே அவளும் சொல்லியிருந்தாள். தங்கபாய், அந்தப் பிள்ளையைப் பெற்றவள், எதிரே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வம்பு வேண்டாம் என்று எல்லோரும் சேர்ந்து ஐந்து வயசுப் பிள்ளையின் தலையில் பிழையைக் கட்டிவிட்டார்கள்.

அவள் மூலைக்குப் போய்த் தங்கையன் முன்னால் குந்தினாள்.

"மக்களே, அன்னைக்கு நீ ஓடுனதுனாலதான் பட்டி கடிச்சுதுன்னு நான் சொன்னேன். அது பொய்யாக்கும். நீ ஒரு தப்பும் செய்யல்ல. பயந்தா யாரும் ஓடத்தான் செய்வாவ. சித்தியைப் பொறுத்துக்கோ."

தங்கையன் அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தான். மற்றப் பிள்ளைகளும் சுற்றி வந்து நின்றன. பெரியவர் ஒருவர் மாப்புச் சொல்வதை அவை அதுவரை கண்டதில்லை.

"செரி" என்றான் தங்கையன். பிறகு, "கையால என்ன செய்விய?" என்று கேட்டான்.

ராகேலுக்குச் சிரிப்பு வந்தது. "துரையிட்ட போய்ப் பேசுவேன்" என்றாள். சொல்லிய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

அன்று சாயங்காலம் தங்கபாயிடம் சொன்னாள். தங்கபாய் கூடையை இறக்கி வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "உனக்குப் பேய் பிடிச்சிருக்கா ராகேல்? எங்களை மலையிலேருந்து இறக்கிவிட்டா எங்க போவோம்? கால் ஆறிப்போச்சு. விட்டுரு."

"கால் ஆறிப்போச்சு. பட்டி இன்னும் அவுந்துதான் திரியுது."

"வேண்டாம். எனக்க பிள்ளையை நான் தரமாட்டேன்."

"பிள்ளையை நீயே வச்சுக்கோ. நான் தனியாப் பேசிக்கிடுவேன்."

விடியற்காலையில் களத்தில் பனி இறங்கியிருந்தது. கணக்கெழுதும் ரைட்டர் ஆள்பேர் கூப்பிட்டு முடித்தார். துரை குதிரையின்மேல், கங்காணி குதிரைக்குப் பக்கத்தில், நாய் இருவருக்கும் நடுவில். பெண்கள் கூடைகளோடு வரிசையாக நின்றார்கள். ராகேல் வரிசையைத் தாண்டி முன்னால் வந்தாள். நாய் உறுமியது. அவள் நின்ற இடத்தில் நின்றாள்.

"என்ன?" என்றார் துரை. தோட்டத்துக்கென்று கற்றுக்கொண்ட தமிழ் அவருடையது. ஏவல் சொற்கள் எல்லாம் அதில் உண்டு.

"தங்கபாய்க்க பிள்ளையை உங்க பட்டி கடிச்சுது. பிள்ளை ஓடுனது தப்புன்னு சொன்னிய. ஓடுனது தப்பில்ல. பட்டியை அவுத்து விட்டதுதான் தப்பு. எனக்க பிள்ளையள் உங்க பூவை ஒடிச்சுது. வந்து மாப்புச் சொல்லிச்சு. புதுச்செடி நட்டுத் தண்ணி ஊத்திச்சு. இப்பம் உங்க முறையாக்கும். பட்டியைக் கட்டிப் போடணும். பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லணும்."

கங்காணியின் முகம் வெளுத்தது. துரைக்கு முதலில் புரியாமலிருந்து, பிறகு புரிந்தது. சிரித்தார். சுற்றிலும் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குக் கோபம் மூட்டியது.

"நான், மாப்பு? அந்தப் பையனுக்கு?"

"ஆமா. பையனுக்கு."

"நீ வேலை இல்லை. போ!"

"போறேன். நான் கேட்டது கேட்டதுதான்."

அவள் திரும்பி நடந்தாள்.  நடையை வேகமாக்கவில்லை. ஓடினால் நாய் கடிக்கும் என்ற பேச்சு இனி யார் வாயிலும் வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

கங்காணி, "நடங்க, நடங்க, கொழுந்துக்கு நேரமாச்சு" என்று கை தட்டினார். பெண்கள் நகரவில்லை. ஆயா இல்லாவிட்டால் பிள்ளைகளை எங்கே விடுவது? தங்கபாய் குனிந்து தங்கையனைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.  முதுகில் கூடை, இடுப்பில் பிள்ளை, அப்படியே தேயிலைச் சரிவில் இறங்கினாள். அடுத்தவளும் தன் பிள்ளையைத் தூக்கினாள். அதற்கடுத்தவளும்.

பிள்ளையை வைத்துக்கொண்டு எவ்வளவு கொழுந்து கிள்ள முடியும்? அன்று கூடைகள் பாதியும் நிறையவில்லை. மழை விட்டு வெயில் அடித்த சமயம். ஒரு நாள் விட்டால் கொழுந்து முற்றிப் போகும். மறுநாளும் அப்படியே. கைக்குழந்தைகள் செடிகளுக்கு நடுவே தூளியில் தொங்கின. சரோஜமும் கூட்டமும் சரிவெங்கும் ஓடி, கிள்ளிய கொழுந்தைக் கூடையோடு கவிழ்த்தன. துரை மேட்டில் நின்று பார்த்தார். பிள்ளைகளை அடித்து விரட்டலாம். விரட்டி எங்கே அனுப்புவது என்று அவருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் கங்காணி ராகேலின் அறைக்கு வந்தார். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"பட்டியைக் கட்டியாச்சு. நீலகண்டன் சொன்னான், தொரசாணிதான் சங்கிலி எடுத்துக் குடுத்ததாம். பிள்ளைக்க கால் எப்படிப் போச்சுன்னு அவனிட்ட துருவித் துருவிக் கேட்டிருக்காவ. உனக்க வேலையும் உண்டு. ஒரு காரியம் மட்டும். களத்துல வச்சு துரையைப் பேசுனதுக்கு, அதே களத்துல வச்சு ஒரு மாப்புச் சொல்லணும். ஒரே வார்த்தை. அதோட தீந்துது."

"பிள்ளைக்குத் துரை சொல்லுவாரா?"

"அது நடக்குற காரியமா?"

"அப்பம் நானும் சொல்லமாட்டேன்."

செய்தி லயம் முழுவதும் பரவியது. அன்று எல்லோரும் வந்து அவளிடம் பேசினார்கள். பட்டியைத்தான் கட்டியாச்சே. ஒரு வார்த்தைதானே. வாயால் சொன்னால் தேய்ந்தா போகும்? மனசுக்குள்ளே வேறு நினைத்துக்கொள். தங்கபாய்கூடக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ கேட்டது கிடைச்சாச்சு ராகேல். இனி எதுக்கு? எங்களுக்காகச் சொல்லு."

மறுநாள் களத்தில் ராகேல் போய் நின்றாள். சொல்லத்தான் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். துரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். வரிசையின் ஓரத்தில் பிள்ளைகள் தாய்மாரின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றன. சரோஜம் மட்டும் யாரையும் பிடிக்காமல் தனியாக, கண்ணை இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பார்வையைக் கண்டதும் ராகேலுக்குள் இருந்த கொஞ்சநஞ்ச ஊசலாட்டமும் நின்றது.

"பிள்ளையளைக் கவனிக்காம விட்டதுக்கு நான் மாப்புச் சொல்லுதேன். அது எனக்க பிழை. தங்கையனிட்டப் பொய் சொன்னதுக்கு அவனிட்டச் சொல்லியாச்சு. களத்துல வச்சுப் பேசுனது பிழையில்ல. அதுக்கு நான் சொல்லமாட்டேன். பிழை செய்யாம மாப்புச் சொன்னா, நாளைக்கு இந்தப் பிள்ளையள் எனக்க வாயிலேருந்து வர எதையும் நம்பாது."

"எஸ்டேட் விட்டுப் போ" என்றார் துரை. "இன்றைக்கே. வீடு காலி."

"வீடு உங்களுக்குள்ளது. காலி பண்ணுதேன்."

தகரப் பெட்டி, பாய், வேதப்புத்தகம், ஒரு சட்டி. அவ்வளவுதான் அவளுக்கு. பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வித்துராப் பாதையை நோக்கித் திரும்பியபோது தங்கபாய் குறுக்கே வந்து நின்றாள். கூடை இல்லை, அன்று அவள் கொழுந்துக்குப் போகவில்லை.

"எங்க போற?"

"வித்துராச் சந்தையில எங்கயாவது..."

"பெட்டியை இறக்கு." தங்கபாய் அவள் தலையிலிருந்து தானே இறக்கினாள். "எனக்க பிள்ளைக்க காலுக்காக நீ பேசுன. நான் வாயை மூடிக்கிட்டு நின்னேன். அன்னைக்கும் நின்னேன், இன்னைக்கும் நின்னேன். இனி நிக்கமாட்டேன். எனக்க அறையில இரி. என்னையும் சேத்து இறக்கிவிடட்டு, பாப்போம்."

அதன்பிறகும் கொட்டகை காலியாகவே கிடந்தது. கங்காணி தன் கொழுந்தியாளைப் புது ஆயாவாகக் கொண்டுவந்து உட்கார்த்தினார். ஒரு பிள்ளைகூட அங்கே வரவில்லை. விடிந்ததும் தாய்மார் பிள்ளைகளைத் தங்கபாயின் அறைவாசலில் ராகேலிடம் விட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் கொழுந்துக்குப் போனார்கள். கூடைகள் பழையபடி நிறைந்தன. துரைக்குக் கூடைகள்தான் முக்கியம். விரட்டினால் மறுபடி கூடைகள் குறையும் என்று அவர் கண்டுகொண்டதாகவே தெரிந்தது. தங்கபாயின் அறையில் யார் இருக்கிறார்கள் என்று யாரும் வந்து பார்க்கவில்லை. காலிக் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து கங்காணியின் கொழுந்தியாளுக்கு அலுத்துப்போய், அவள் தன் ஊருக்கே போய்விட்டாள்.

பிறகு ஒருநாள் காலை, ஆள்பேர் கூப்பிடும்போது, ரைட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ராகேல், பிள்ளைக் கொட்டகை" என்று வாசித்தார். துரை குதிரையின் பிடரியைத் தடவிக்கொண்டு வேறெங்கோ பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராகேலும் சொல்லவில்லை. பெண்கள் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராகேல் சாவியை வாங்கிக்கொண்டு போய்க் கொட்டகையைப் பெருக்கினாள்.

"துரை மாப்புச் சொன்னாரா சித்தி?" என்று அன்று தங்கையன் கேட்டான்.

"இல்ல மக்களே."

"எப்பமும் சொல்லமாட்டாரா?"

"எனக்குத் தெரியாது. சொல்லணும். சொல்லல்ல. அது அவருக்க பாக்கி. உனக்குள்ளது ஒண்ணுமில்ல."

தங்கையன் தலையை ஆட்டினான். அந்த வாரம் அவன் நீலகண்டனின் கையைப் பிடித்துக்கொண்டு பங்களா மேட்டுக்குப் போய், சங்கிலி எட்டாத தூரத்தில் நின்று நாயைப் பார்த்துவிட்டு வந்தான். நாய் குரைத்ததாம். இவன் ஓடவில்லையாம். அதை அவன் எல்லோரிடமும் சொன்னான்.

துரை விளையாட்டைப் பிள்ளைகள் எப்போது விட்டன என்று ராகேலுக்குத் தெரியாது. ஒருநாள் மத்தியானம் பின்புறத்தில் ஓர் அலறல் கேட்டது. எட்டிப் பார்த்தாள். ஒரு சிறுமி சேற்றில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சரோஜம் அவளைக் கைபிடித்துத் தூக்கி, தன் பாவாடை நுனியால் முட்டியைத் துடைத்து, குவளைத் தண்ணீரை ஊற்றிக் கழுவினாள். யாரும் அவளை ஏவவில்லை. ராகேல் கதவோரத்திலேயே நின்றாள்.

"தள்ளுனதுக்கு மாப்பு" என்றாள் சரோஜம்.

சிறுமி விசும்பிக்கொண்டே, சரோஜத்தின் இன்னொரு கையில் இருந்த தேங்காய்ச் சிரட்டையைக் காட்டினாள். "செரட்டையப் பிடுங்குனதுக்கும் சொல்லு."

சரோஜம் சிரட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அதுக்குச் சொல்லமாட்டேன். அது எனக்க செரட்டையாக்கும்."